ஆர்.பி.என் படிக்க வீட்டுக்குப் பக்கத்துக் கொலிஜே போதாதா?

கேள்வி, 2023 நவம்பர் 18

மூன்று வருடமாக ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பி.எஸ்.டபிள்யூ (முதியோர், நோயாளிகளைப் பராமரிக்கும் உதவியாளர்) வேலை செய்கிறேன். இனி ஆர்.பி.என் (இரண்டு வருட டிப்ளோமாவோடு பதிவு செய்யும் நேர்ஸ்) படிக்கலாம் என்று யோசனை. யாரைக் கேட்டாலும் ‘கொலிஜை வடிவாகப் பார்த்து எடு’ என்கிறார்கள். ஒன்ராறியோ முழுக்க ஒரே தகுதிக்குத்தான் படிப்பிக்கிறார்கள். கடைசியில் எல்லோருக்கும் ஒரே சோதனை. அப்படியென்றால் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருப்பதை எடுத்துவிட்டுப் போவதுதானே? இதில் பார்க்க என்ன இருக்கிறது, அக்காமார்?

பதில், நவம்பர் 18, இரவு

அரைவாசி சரி. மற்ற அரைவாசிக்கு நான் பட்டது போதும்.

2017இல் நானும் இதே கணக்குத்தான் போட்டேன். வீட்டிலிருந்து ஒரே பஸ். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரமுதல் நான் வீட்டில் நிற்கலாம். முதல் செமஸ்டர் அப்படியே போனது. இரண்டாம் செமஸ்டர் தொடங்க ஒரு கிழமைக்கு முன் மின்னஞ்சல் வந்தது: உங்கள் பிளேஸ்மென்ட் எட்டோபிக்கோவில், சனியும் ஞாயிறும், காலை ஏழு மணி. பிளேஸ்மென்ட் என்றால் நேரே போய்நின்று வேலை பழகும் இடம். எட்டோபிக்கோ நகரத்தின் மற்றத் தொங்கல். ஏழு என்றால் ஆறே முக்காலுக்கு உடுப்பு மாற்றித் தயாராக நிற்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை சப்வே ஓடத் தொடங்குவதே எட்டு மணிக்குத்தான். மல்வேர்னில் இருந்த ஒரு வகுப்புத் தோழியின் காரில், பெற்றோலுக்குக் காசு கொடுத்து, விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டோம். அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு ஞாயிறு, இரண்டு இரவு பஸ் மாறிப் போய் இறங்கினேன். ஆறு நிமிடம் பிந்திவிட்டது. இன்ஸ்ரக்டர் ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார். அந்த எழுத்து செமஸ்டர் முடியும்வரை என் பின்னால் வந்தது.

கொலிஜ் பக்கத்தில் இருக்கலாம். கொலிஜ் உங்களை எங்கே அனுப்புகிறது என்பதுதான் கேள்வி.

நவம்பர் 19

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு ஒருவர் ‘அப்படியென்றால் கார் இருந்தால் பிரச்சினை இல்லைதானே’ என்று கேட்டிருக்கிறார். தூரம் சின்னப் பிரச்சினை. நான் எட்டோபிக்கோவோடு நிறுத்தியது பிழை.

பெரிய பிரச்சினை, எந்த மாதிரி இடம் என்பது. எனக்கு முதல் மூன்று பிளேஸ்மென்டும் முதியோர் இல்லங்கள்தான். முதலாவதில் கன விசயம் படித்தேன், இரண்டாவதிலும் கொஞ்சம். மூன்றாவதில் படிக்க ஒன்றும் மிச்சமில்லை. பி.எஸ்.டபிள்யூ ஆக நான் ஏற்கெனவே நாலு வருடம் நின்ற அதே மாதிரி இடம், அதே மாதிரிக் காலைச் சாப்பாடு, அதே மருந்து வண்டி. ஆஸ்பத்திரி வார்டைக் கண்டது கடைசி செமஸ்டரில்தான். படித்து முடித்து ஆஸ்பத்திரி வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது, சத்திரசிகிச்சை முடிந்து வந்த ஒருவரை முதல் ஒரு மணிநேரம் எப்படிக் கவனிப்பாய் என்று கேட்டார்கள். புத்தகத்தில் இருந்ததை ஒப்புவித்தேன். கேட்டவருக்கும் அது விளங்கியது.

வேறு கொலிஜில் படித்த என் வேலைத்தோழிக்கு ஒரு முதியோர் இல்லம், ஒரு மெடிக்கல்-சேர்ஜிக்கல் வார்டு, ஒரு மனநலப் பிரிவு, தாய்சேய் பிரிவில் சில நாட்கள். எங்கள் இருவரின் டிப்ளோமாவும் ஒன்றுதான்.

நவம்பர் 19, கொஞ்சம் பிறகு

முதியோர் இல்லத்தைக் குறைத்துச் சொன்னதாக எடுக்கவேண்டாம். நான் இன்றைக்கும் வேலை செய்வது அங்கேதான்.

நவம்பர் 22

தனிமடலில் ஒருவர்: ‘கொலிஜ் ஆஃப் நேர்ஸஸ் என்ற கொலிஜுக்கு விண்ணப்பிக்கலாமா, பீஸ் எவ்வளவு?’

சிரிக்கவேண்டாம், நானும் வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். கொலிஜ் ஆஃப் நேர்ஸஸ் ஆஃப் ஒன்ராறியோ, சுருக்கமாக சி.என்.ஓ, ஒருவருக்கும் படிப்பிப்பதில்லை. நேர்ஸ்மாரைப் பதிவு செய்வதும், பிழைவிட்டால் கூப்பிட்டு விசாரிப்பதும் அதன் வேலை. அதற்குப் போய்க் கொலிஜ் என்று பெயர் வைத்தவரைப் பிடித்து ஒருக்கால் கேட்கவேண்டும்.

ஆனால் பள்ளியைத் தேடுவதற்கு முதல் படி அங்கேதான் இருக்கிறது. எந்தெந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டு என்ற பட்டியல் அவர்களின் தளத்தில் கிடக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத படிப்பை முடித்தால் கையில் ஒரு கடதாசி கிடைக்கும். சோதனை எழுத விடமாட்டார்கள். பள்ளியின் பெயரை மட்டும் பார்க்காமல் படிப்பின் பெயரையும் பாருங்கள். ஒரே கட்டடத்தில் அங்கீகாரம் உள்ளதும் இல்லாததும் பக்கத்துப் பக்கத்து வகுப்பறையில் நடக்கலாம்.

நவம்பர் 26

கடைசிச் சோதனையில் ஒரு கொலிஜின் தேர்ச்சி வீதம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். என் அபிப்பிராயம்: அதை நம்பி எடுக்கவேண்டாம்.

நாங்கள் முதல் நாள் அறுபது பேருக்குக் கிட்ட இருந்தோம். பட்டமளிப்புக்கு நின்றது முப்பத்தெட்டுப் பேர். அந்த முப்பத்தெட்டில் அநேகமான எல்லோரும் முதல் தடவையே பாஸ். அடுத்த வருடம் கொலிஜ் அந்தச் சதவீதத்தைப் பெரிய எழுத்தில் போட்டு வைத்திருந்தது. விழுந்துபோன இருபது பேர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அவர்கள்தான் சோதனை மண்டபத்துக்கே போகவில்லையே.

ஆகவே தேர்ச்சி வீதத்தைப் பெருமையாகச் சொன்னால், சேர்ந்தது எத்தனை பேர், முடித்தது எத்தனை பேர் என்று திருப்பிக் கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே விளங்கும்.

நவம்பர் 27

நேற்று கொஞ்சம் சூடாகிவிட்டேன். இன்னொரு அக்கா திருத்தியிருக்கிறார், அவர் சொல்வது நியாயம். சி.என்.ஓ ஒரு படிப்புக்கு அங்கீகாரத்தைத் தொடர்ந்து கொடுக்கலாமா என்று பார்க்கும்போது, முதல் தடவை எழுதியவர்களின் தேர்ச்சியையும் பார்க்கிறது. அப்படியென்றால் மிகக் குறைந்த வீதம் என்பது ஒரு எச்சரிக்கைதான். உயர்ந்த வீதத்தை நம்பவேண்டாம், தாழ்ந்த வீதத்தை நம்புங்கள். இப்படிச் சொன்னால் இரண்டு பேருக்கும் சரி.

அதோடு, அரசாங்கக் கொலிஜ்கள் ஒவ்வொரு வருடமும் கே.பி.ஐ என்று சில எண்களை வெளியிடவேண்டும்: எத்தனை சதவீதம் பேர் படிப்பை முடித்தார்கள், முடித்து ஆறு மாதத்தில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள், படித்து முடித்தவர் திருப்தி, வேலை கொடுத்தவர் திருப்தி. நான் கேட்கச்சொன்ன கேள்விக்கு விடை அங்கே அச்சிலேயே இருக்கிறது. படித்து முடித்து நாலு வருடத்துக்குப் பிறகுதான் இதையெல்லாம் போய்ப் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 2

சோதனை பற்றி ஒரு மடலில் பிழையாகச் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் ஒரே அளவு கேள்வி என்று எழுதினேன். அது நான் 2019இல் எழுதிய சி.பி.என்.ஆர்.ஈ என்ற பழைய சோதனை. என் மச்சாளின் மகள் போனில் பிடித்து ஏசினாள். 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் ரெக்ஸ்-பிஎன் என்ற புதுச் சோதனை. கம்ப்யூட்டர் உங்களின் விடையைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வியைத் தரும். சரியாகச் செய்யச் செய்யக் கேள்வி கடினமாகும். ஆகக் குறைந்தது 90 கேள்வி, கூடியது 150, நாலு மணிநேரம். விட்டுவிட்டுப் போய்ப் பிறகு திரும்பி வந்து விடையை மாற்ற முடியாது.

அவளுக்கு 90 தாண்டியும் கேள்வி வந்துகொண்டே இருந்ததாம். பெயில்தான் என்று முடிவுகட்டி, பாதியில் அழத் தொடங்கி, அழுதுகொண்டே விடை போட்டு, பாஸ்.

இதைக் கொலிஜ் எடுப்பதோடு சேர்த்துப் பாருங்கள். உள்சோதனைகளைப் புதிய முறைக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார்களா என்று கேட்கலாம். ஸ்லைடைப் பாடமாக்கி எழுதும் சோதனையே இன்னும் நடக்கிறதென்றால், கடைசி நாலு மாதம் நீங்கள் தனியாகக் கிடந்து முறியவேண்டிவரும்.

டிசம்பர் 9

கொலிஜைப் போய்ப் பார்க்கும் திறந்த நாளுக்குப் போகிறேன், என்ன கேட்கலாம் என்று இழையைத் தொடங்கியவர் கேட்டிருந்தார்.

மேசையில் சிரித்துக்கொண்டு இருப்பவரிடம் பிளேஸ்மென்ட் பற்றி மட்டும் கேளுங்கள். எந்த எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு நாளைக்கு முன் சொல்வீர்கள், ஒரு இன்ஸ்ரக்டருக்கு எத்தனை மாணவர். எங்கள் குழுவில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் மருந்து கொடுக்க இன்ஸ்ரக்டரின் கையெழுத்துக்காக நடைபாதையில் வரிசையில் நிற்போம். அவர் நல்லவர், பாவம், ஓடித் திரிவார். இதற்கு மேல் ஆட்கள் என்றால் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் நேரம் இருக்கும்.

மற்றக் கேள்விகளை மேசையில் கேட்கவேண்டாம். ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடை வரிசையில் ஸ்க்ரப்ஸ் (நேர்ஸ் உடுப்பு) போட்டுக்கொண்டு நிற்கும் இரண்டாம் வருடப் பிள்ளையைப் பிடியுங்கள். ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தால், மேசையில் இருப்பவர் ஒரு மணிநேரத்தில் சொல்லாததை ஐந்து நிமிடத்தில் சொல்வாள். கேட்கவேண்டியது ஒன்றுதான்: ஒரு பாடத்தில் விழுந்தால் என்ன நடக்கும்?

இதை நான் கேட்கவில்லை. எங்களோடு படித்த ஒருத்தி, மருந்துக் கணக்கில் தசமப் புள்ளியை ஒரு இடம் தள்ளிப் போட்டாள். அந்தச் சோதனைக்குத் தொண்ணூறுக்குக் குறைந்தால் பெயில். இரண்டாவது தடவையும் பதற்றத்தில் பிழைத்துவிட்டது. அந்தப் பாடம் அந்தக் கொலிஜில் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். ஒரு வருடம் வீட்டில் இருந்தாள். அந்த வருடம் முழுக்கக் கடன் கட்டவேண்டியிருந்ததால் முழுநேர வேலைக்குப் போனாள். பிறகு திரும்பி வரவே இல்லை. செப்டம்பரும் ஜனவரியும் இரண்டு தடவை ஆள் எடுக்கும் கொலிஜாக இருந்திருந்தால் நாலு மாதத்தில் மறுபடி எழுதியிருப்பாள். கெட்டிக்காரி. என்னைவிடக் கெட்டிக்காரி.

டிசம்பர் 9, திரும்ப

லாப் (பயிற்சி அறை) எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதையும் கேளுங்கள். ஊசி, கத்தீற்றர், காயத்துக்குக் கட்டுப்போடுவது எல்லாம் வகுப்பில் ஒருதடவை காட்டுவார்கள். மிச்சம் நீங்களாகப் போய்ப் பொம்மையோடு மல்லுக்கட்டவேண்டும்.

டிசம்பர் 14

ஒருவர் புதுக் கட்டடத்தின் படம் போட்டு ‘இதைப் பார்த்தபிறகு மற்றது கண்ணுக்கே தெரியவில்லை’ என்கிறார். கண்ணாடிச் சுவர், இருமும் பொம்மை, கண் சிமிட்டும் பொம்மை. நல்லதுதான், பாடமும் நடக்கும். ஆனால் ஒன்ராறியோவின் முதல் கொமியூனிட்டி கொலிஜான சென்டெனியல், 1966இல் வார்டன் வீதியில் யுத்தகாலத்து ஆயுதத் தொழிற்சாலைக் கட்டடத்தில்தான் தொடங்கியது. கட்டடம் ஒருவரையும் நேர்ஸ் ஆக்குவதில்லை.

இன்னொருவர் ஆர்.டி.யில் (ஸ்காபரோ ரயிலில்) போகலாம், கிட்ட என்கிறார். தம்பி, ஆர்.டி. ஜூலையில் தடம்புரண்டதோடு மூடியாகிவிட்டது. இப்போது அந்த வழியில் பஸ்தான்.

2024 ஜனவரி 6

தனியார் கொலிஜ் பற்றி எழுதாமல் இருக்கப் பார்த்தேன். விடமாட்டீர்கள் போலிருக்கிறது.

எல்லாத் தனியாரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. சி.என்.ஓ பட்டியலில் தனியார் கொலிஜ்களும் உண்டு. நல்ல நேர்ஸ்மார் அங்கிருந்து வந்து எங்களோடு வேலை செய்கிறார்கள். வித்தியாசம் காசில். அரசாங்கக் கொலிஜோடு பார்த்தால் பல மடங்கு. அதற்கு ஈடாக, காத்திருக்கத் தேவையில்லை, பழைய மார்க்ஸைத் துருவமாட்டார்கள், மாலை வகுப்பு உண்டு. வீட்டில் இரண்டு பிள்ளைகளும் பகல் வேலையும் இருக்கும் ஒருத்திக்கு அதுதான் ஒரே வழியாகவும் இருக்கலாம். அவளுக்குப் போய் ‘பொறு’ என்று நான் சொல்ல ஏலாது.

என் கதை வேறு. 2016இல் ஒரு இடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். வரவேற்பறையில் தமிழ்ப் பிள்ளை, அக்கா அக்கா என்று அன்பாகக் கதைத்தாள். நான் ஆர்.பி.என் என்று கேட்டேன். அவள் ‘நேர்சிங்’ என்று பதில் சொன்னாள். இரண்டும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரவு வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தால், அது ஆர்.பி.என்னுக்குத் தயார்படுத்தும் ஒரு சான்றிதழ் படிப்பு. அதை முடித்துவிட்டுத் திரும்பவும் முதலாம் செமஸ்டரிலிருந்து தொடங்கவேண்டும். அடுத்த நாள் விடியப் போய் ஒப்பந்தத்தை ரத்துச் செய்தேன். ஒன்ராறியோவில் இப்படியான கொலிஜின் ஒப்பந்தப் பிரதி கையில் கிடைத்து இரண்டு நாளுக்குள் எழுத்தில் விலகினால் கட்டிய காசைத் திருப்பித் தரவேண்டும். அந்த விதி எனக்கு அப்போது தெரியாது. அழுது குளறித்தான் வாங்கினேன். தெரிந்திருந்தால் அழுகையாவது மிச்சம்.

ஜனவரி 7

ஒருவர் புளோரிடாக் கதையை இழுத்திருக்கிறார். ஆம், உண்மை. போன வருடம் ஜனவரியில் அமெரிக்க நீதித் திணைக்களம் 25 பேர்மேல் குற்றம் சாட்டியது. தெற்கு புளோரிடாவில் மூன்று பள்ளிகளின் பெயரில் 7,600க்கு மேற்பட்ட பொய் டிப்ளோமாக்கள் விற்கப்பட்டதாக வழக்கு. கூடிய காலம் படிக்கும் நேர்ஸான ஆர்.என்னும் உண்டு, எங்களுடைய ஆர்.பி.என்னுக்குச் சமமான எல்.பி.என்னும் உண்டு. அந்த விசாரணைக்கு ஒப்பரேஷன் நைட்டிங்கேல் என்று பெயர் வைத்தார்கள். நைட்டிங்கேல் அம்மையார் என்ன பாவம் செய்தார்.

எனக்குப் பயமாக இருந்தது இதுதான்: வாங்கியவர்களில் கணிசமான ஆட்கள் உண்மையான சோதனையையும் எழுதி பாஸாகி வார்டில் வேலை செய்திருக்கிறார்கள். பிளேஸ்மென்டே இல்லாமல். சோதனை ஒன்றுதானே, எங்கே படித்தால் என்ன என்று தொடங்கியதுதான் இந்த இழை. அதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஜனவரி 13

பெப்ரவரி 1 கிட்ட வருகிறது. செப்டம்பருக்கு அரசாங்கக் கொலிஜில் சேர விரும்புகிறவர்கள் பொது விண்ணப்பத் தளத்தில் அதற்குள் போடவேண்டும். அதுவரை வந்த எல்லா விண்ணப்பத்தையும் ஒரே கண்ணால் பார்ப்பார்கள். பிறகு வருவதை இடமிருந்தால்தான் பார்ப்பார்கள். ஆர்.பி.என்னுக்கு இடம் மிஞ்சாது. ஒரே கட்டணத்தில் ஐந்து தெரிவு, ஒரு கொலிஜில் மூன்றுக்குமேல் முடியாது. ஐந்தையும் நிரப்புங்கள். நான் ஒன்றே ஒன்று போட்டேன், பத்து நிமிடத் தூரத்தில் இருந்ததை.

பொதுவாகக் கேட்பது பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம், பதினோராம் அல்லது பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம், உயிரியல், இரசாயனம். ஊரில் ஏ.எல். படித்து, சான்றிதழ் இடம்பெயர்வில் தொலைந்தவர்கள் மனம் உடையவேண்டாம். 19 வயதுக்கு மேல் என்றால் வளர்ந்தோர் வழி உண்டு. அரசாங்கக் கொலிஜ்களில் இலவசமாக அப்கிரேடிங் வகுப்பு நடக்கிறது. நான் முப்பத்தாறு வயதில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு இருந்து உயிரியல் படித்தேன். தவளையை வெட்டும்போது அவர்கள் வெளியே ஓடினார்கள். ஊரில் மீன் வெட்டிய கை, எனக்கு அருவருப்பே வரவில்லை.

ஜனவரி 20

யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடம் நேர்ஸாக வேலை செய்த அக்காவுக்காக ஒருவர் கேட்கிறார், எந்தக் கொலிஜில் ஆர்.பி.என் சேர்க்கலாம் என்று.

எந்தக் கொலிஜிலும் சேர்க்காதீர்கள், இப்போதைக்கு. முதலில் அந்த அனுபவத்தையும் படிப்பையும் வைத்து நேரே பதிவுக்கு முயற்சிக்கட்டும். வெளிநாட்டில் படித்த நேர்ஸ்மாருக்கு உதவவென்றே ரொறன்ரோவில் கேர் சென்ரர் என்று ஒன்று இருக்கிறது. அவர்களோடு கதைத்துவிட்டுப் பிறகு இங்கே வாருங்கள். தெரிந்ததையே இரண்டு வருடம் காசு கட்டிப் படித்த ஆட்களை எனக்குத் தெரியும். வகுப்பில் இன்ஸ்ரக்டரைவிட அவர்களுக்குத்தான் கை பழகியிருந்தது.

ஜனவரி 21

கல்கரியில் இருந்து எழுதிய தம்பிக்கு: உங்கள் பக்கத்தில் ஆர்.பி.என் என்றால் மனநல நேர்ஸ். அல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா, சஸ்காச்சுவான், மனிற்றோபா நாலிலும் அப்படித்தான். நான் இங்கே ஆர்.பி.என் என்று சொல்வது உங்களிடம் எல்.பி.என். பெயரைப் பார்த்து மனைவியைப் பிழையான படிப்பில் சேர்த்துவிடவேண்டாம். 2022இல் ரெக்ஸ்-பிஎன்னுக்கு மாறியதும் ஒன்ராறியோவும் பிரிட்டிஷ் கொலம்பியாவும்தான். உங்கள் பக்கம் அப்போது நான் எழுதிய பழைய சோதனையோடு நின்றது.

இங்கேயும் 1993 முடியும்வரை ஆர்.என்.ஏ என்றுதான் பெயர், நேர்சிங் அசிஸ்டென்ட். இரண்டு வருட டிப்ளோமா கட்டாயமானது 2005இல். எங்கள் வேலையிடத்தில் ஓய்வுபெறப்போகும் ஒரு அம்மா இன்றைக்கும் வாய்தவறி ஆர்.என்.ஏ என்பார்.

பெப்ரவரி 11

காசு பற்றிக் கேட்டவருக்கு. ரொறன்ரோவை விட்டு வெளியே போகத் தயார் என்றால் லேர்ன் அன்ட் ஸ்டே என்ற மாகாண உதவியைப் பாருங்கள். 2023இல் தொடங்கியது. வடக்கு, கிழக்கு, தென்மேற்கு ஒன்ராறியோவில் குறிப்பிட்ட கொலிஜ்களில் நேர்சிங் படித்தால் கட்டணமும் புத்தகமும் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு, உதவி வாங்கிய ஒவ்வொரு முழு வருடத்துக்கும் ஆறு மாதம் அந்தப் பகுதியிலேயே வேலை செய்யவேண்டும். இரண்டு வருடம் படித்தால் ஒரு வருட வேலை.

குடும்பத்தோடு பெயரமுடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். விளங்குகிறது. ஆனால் இருபது வயதில் தனியாள் என்றால் நான் இரண்டாவது தடவை யோசிக்கமாட்டேன். சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் மாணவர் கூட்டம் குறைவு. வரிசையில் நிற்காமல் கைவைத்துச் செய்யக் கிடைக்கும். சட்பரியில் படித்த ஒரு பிள்ளை எங்கள் இல்லத்துக்கு வந்து சேர்ந்தது. முதல் கிழமையே ஐ.வி. அலாரத்துக்குப் பதறாமல் போய் நின்றது. குளிர் பற்றிக் கேட்டால் மட்டும் கதையை மாற்றிவிடும்.

பெப்ரவரி 12

‘நேரே ஆர்.என். போகாமல் ஏன் இந்தச் சுற்று?’ என்று கேட்டவருக்கு ஒரு வரியில் பதில் எழுதி, அழித்து, திரும்ப எழுதுகிறேன்.

நாலு வருடம் வருமானம் இல்லாமல் இருக்க முடிந்தால் நேரே போங்கள். என்னால் முடியவில்லை. ஆர்.பி.என் முடித்து வேலை செய்துகொண்டே மேலே படிக்க நிப்பிசிங், ஒன்ராறியோ டெக் மாதிரிப் பல்கலைக்கழகங்களில் இணைப்புப் படிப்பு இருக்கிறது. கொலிஜ் எடுக்கும்போதே, இங்கே முடித்தவர்களை எந்த இணைப்புப் படிப்பு எடுக்கிறது, எவ்வளவு மார்க்ஸ் கேட்கிறது என்று விசாரித்து வையுங்கள். நான் பாஸ் போதும் என்று படித்தேன். இப்போது அந்த பி-மைனஸ் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

ஆர்.பி.என் என்றால் ‘சின்ன நேர்ஸ்’ என்று ஒருவர் எழுதியதற்கு: இரண்டு பேரும் படிப்பது ஒரே அறிவுத் துறைதான், ஆர்.என். கூடிய காலம், கூடிய ஆழம். நிலைமை தெளிவாகவும் எதிர்பார்க்கக் கூடியதாகவும் இருக்கும் நோயாளியை ஆர்.பி.என் தானாகவே பொறுப்பெடுக்கலாம். சிக்கல் கூடக்கூட ஆர்.என்னைக் கூப்பிடவேண்டும். எங்கள் இல்லத்தில் இரவு முப்பத்திரண்டு பேருக்கு மருந்து கொடுப்பது இந்தச் சின்ன நேர்ஸ்தான்.

மார்ச் 3

பி.எஸ்.டபிள்யூவில் இருந்து வருவது லாபமா நட்டமா? இரண்டும். ஆளைத் திருப்பிப் படுக்கவைக்க, வெட்கப்படாமல் குளிப்பாட்ட, கோபக்காரரோடு கதைக்க உங்களுக்கு ஒருவரும் காட்டித்தரத் தேவையில்லை. நட்டம் எனக்கு இரண்டாம் செமஸ்டரில்தான் தெரிந்தது. ஒரு ஐயாவின் படுக்கையை ஏழு நிமிடத்தில் மாற்றிவிட்டுப் பெருமையாக நின்றேன். இன்ஸ்ரக்டர் கேட்டார்: அவர் நேற்றைவிட வேகமாக மூச்சு விடுகிறாரே, எண்ணினாயா? எண்ணவில்லை. விரிப்பில் சுருக்கம் இல்லை என்பதைத்தான் பார்த்தேன். ‘நீ இன்னும் வேலையை முடிக்கப் பார்க்கிறாய், ஆளைப் பார்க்கவில்லை’ என்றார். அன்றைக்கு ஆத்திரம் வந்தது. எட்டோபிக்கோவுக்கு இரவு பஸ்ஸில் போனதில் ஏதாவது லாபம் இருந்தது என்றால் அந்த ஒரு வசனம்.

எனவே முதல் நாள் எழுதியதையும் கொஞ்சம் திருத்தவேண்டும். தூரமான பிளேஸ்மென்ட் கெட்டது என்றேன். நல்ல இன்ஸ்ரக்டர் இருந்தால் தூரம் பரவாயில்லை.

மார்ச் 4

பரவாயில்லை என்று எழுதிவிட்டேன். பெப்ரவரியில், காலை ஐந்தரைக்கு, பஸ் தரிப்பில் நின்றபோது அப்படி நினைக்கவில்லை.

ஏப்ரல் 14

இழையைத் தொடங்கிய தங்கச்சிக்கு இரண்டு கொலிஜில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று அதே பத்து நிமிடம். மற்றது ஒரு மணிநேரம், இரண்டு பஸ். இரண்டு இடத்துக்கும் போன் எடுத்துக் கேட்டிருக்கிறார். பக்கத்தில் உள்ளது ‘பிளேஸ்மென்ட் பிறகு அறிவிக்கப்படும்’ என்றதாம். மற்றது போன வருடம் அனுப்பிய இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னதாம், இரண்டு ஆஸ்பத்திரி உட்பட. ஜனவரியிலும் ஆள் எடுக்கிறார்களாம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. முடிவு அவருடையது. கடுதாசி வேலையை மட்டும் இன்றைக்கே தொடங்கச் சொன்னேன்: ஊர்த் தடுப்பூசி அட்டை இருந்தால் தேடுங்கள், இல்லாவிட்டால் அம்மை, ஹெபடைடிஸ் எதிர்ப்புச் சக்திக்கு இரத்தப் பரிசோதனை. காசநோய்த் தோல் பரிசோதனை இரண்டு தடவை செய்யவேண்டும், இடையில் நாள் விடவேண்டும். பொலிஸ் சான்றிதழ், சிபிஆர் (இதயம் நின்றால் செய்யும் முதலுதவி), முகக்கவச அளவு. இதில் ஒன்று குறைந்தாலும் வார்டுக்குள் விடமாட்டார்கள். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் ஒரு கடதாசிக்காக முதல் இரண்டு கிழமையைத் தவறவிட்டார்கள்.

செப்டம்பர் 8

தங்கச்சி இரண்டு பஸ் கொலிஜில் சேர்ந்துவிட்டார். போன கிழமை வகுப்புத் தொடங்கியது. குளிர்காலப் பிளேஸ்மென்ட் எங்கே என்று இப்போதே சொல்லிவிட்டார்களாம். பெயரைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் இல்லம், நான் வேலை செய்யும் அதே மாடி.

ஆறே முக்காலுக்கு வாருங்கள். பேனை இரண்டு கொண்டுவாருங்கள், ஒன்றை யாராவது எடுத்துவிடுவார்கள். அநேகமாக நான்தான்.